குழந்தை அழுதால் தாயின் தட்டைப் பறிக்காதீர்கள்

(நமது சங்கத்தின் மகளிர் பிரிவுக் கூட்டத்தில், ஓய்வு பெற்ற குழந்தை மருத்துவரான உறுப்பினர் ஒருவர் ஆற்றிய உரையின் எழுத்து வடிவம்)

 கைக்குழந்தையோடு வந்து, கதவுக்குப் பக்கத்தில் பின்வரிசையில் உட்கார்ந்திருக்கும் இளம் தாய்மார்களே, குழந்தை அழுதால் நீங்கள் எழுந்து வெளியே போக வேண்டாம். இன்றைய பேச்சே அந்த அழுகையைப் பற்றியதுதான்.

"டாக்டர் மாமி, தாய்ப்பால் குடிக்கிற குழந்தைக்கு வர வயித்து உபாதையைப் பத்திக் கொஞ்ச நேரம் பேசணும்" என்று நம் செயலாளர் போனில் கேட்டபோது உடனே சரி என்றேன். மும்பையில் ஒரு பொது மருத்துவமனையின் குழந்தைகள் பிரிவில் முப்பது வருஷத்துக்கு மேல் வேலை பார்த்தவள் நான். ஆனால் இன்று டாக்டராக மட்டும் பேசப் போவதில்லை. மாட்டுப்பெண்ணாக இருந்தபோது பட்டதையும், மாமியாரான பிறகு செய்ததையும் சேர்த்தே சொல்லப் போகிறேன்.

நம் வீடுகளில் நடக்கும் ஒரு காட்சியைச் சொல்கிறேன். சாயங்காலம் ஏழு மணி. ஸ்வாமிக்கு விளக்கேற்றியாகிவிட்டது. அடுக்களையில் குக்கர் கூவுகிறது. ஆபீஸ் போனவர்கள் லோகல் ரயிலில் இடிபட்டு அப்போதுதான் உள்ளே நுழைகிறார்கள். அதுவரை சமர்த்தாக இருந்த ஒன்றரை மாதக் குழந்தை வீல் என்று ஆரம்பிக்கிறது. முகம் குங்குமமாகச் சிவக்கிறது. இரண்டு கையும் முஷ்டி. காலை வயிற்றோடு மடக்கி மடக்கி உதைக்கிறது. நடுவில் சத்தத்தோடு காற்றும் பிரிகிறது.

"உரம் விழுந்திருக்கு" என்கிறார் பாட்டி. "மாந்தம்" என்கிறார் பெரியம்மா. குளிப்பாட்ட வரும் மௌஷி மறுநாள் வந்து "போட் துக்தய்" என்று தன் பங்குக்குச் சொல்கிறாள். பிறகு எல்லாருடைய பார்வையும் பெற்றவள் பக்கம் திரும்புகிறது. "இன்னிக்கு நீ என்ன சாப்பிட்டே?"

இந்தக் கடைசிக் கேள்விக்காகத்தான் இன்று இங்கே வந்திருக்கிறேன்.

அந்தச் சின்ன வயிற்றில் என்ன நடக்கிறது?

கர்ப்பத்தில் குழந்தைக்கு ஆகாரம் தொப்புள்கொடி வழியாக வந்தது. பிறந்த அன்று முதல் குடல் தன் வேலையைத் தானே கற்றுக்கொள்ள வேண்டும். தாய்ப்பாலில் லாக்டோஸ் என்ற சர்க்கரை உண்டு. அதோடு குழந்தையால் ஜீரணிக்க முடியாத சில சிக்கலான சர்க்கரைகளும் உண்டு. ஜீரணமாகாத பொருளை இயற்கை எதற்குப் பாலில் வைத்தது? குழந்தையின் குடலில் குடியேறும் நல்ல கிருமிகளுக்கு அதுதான் சாப்பாடு. அந்தக் கிருமிகள் சாப்பிடும்போது காற்று உண்டாகும். ஆகவே தாய்ப்பால் குடிக்கும் குழந்தைக்கு வாயு பிரிவது வியாதியில்லை. வேலை நடக்கிறது என்பதற்கு அடையாளம்.

அப்படியானால் அழுகை ஏன்? ஆங்கில மருத்துவத்தில் இதற்குக் 'கோலிக்' என்று பெயர். 1954-ல் மாரிஸ் வெஸ்ஸல் என்ற அமெரிக்கக் குழந்தை மருத்துவர் இதற்கு ஒரு கணக்குச் சொன்னார். ஆரோக்கியமாக வளரும் குழந்தை நாளுக்கு 3 மணி நேரத்துக்கு மேல், வாரத்தில் 3 நாளுக்கு மேல், 3 வாரத்துக்கு மேல் அழுதால் அது கோலிக். 1962-ல் பிரேசல்டன் என்ற இன்னொரு மருத்துவர் 80 குழந்தைகளின் தாய்மார்களை அழுகை நேரத்தைக் குறித்துவைக்கச் சொல்லிப் பார்த்தார். எந்த வியாதியும் இல்லாத சாதாரணக் குழந்தைகள். ஆறாவது வாரத்தில் அவை சராசரியாக நாளுக்கு இரண்டே முக்கால் மணி நேரம் அழுதன. அதிலும் சாயங்காலத்தில்தான் அதிகம்.

2017-ல் பல நாட்டு ஆய்வுகளைச் சேர்த்துப் பார்த்தார்கள். முதல் ஆறு வாரத்தில் 17 முதல் 25 சதவீதக் குழந்தைகளுக்குக் கோலிக் இருந்தது. 10-12 வாரத்தில் அது ஒரு சதவீதத்துக்கும் கீழே போய்விட்டது. இந்தக் கணக்கை ஒரு காகிதத்தில் எழுதி ஐஸ்பெட்டியின் கதவில் ஒட்டி வையுங்கள். பெரும்பாலான வீடுகளில் மூன்று, நான்கு மாதத்தில் இது தானாக நின்றுவிடும். எந்த மருந்தைக் கொடுத்துக்கொண்டிருந்தோமோ அதற்குப் பேர் வந்துவிடும்!

காலை மடக்குவதும் முகம் சிவப்பதும் வயிற்று வலியின் அடையாளம் என்றுதான் நாம் எல்லாரும் நினைக்கிறோம். குழந்தை எதற்காக அழுதாலும் அப்படித்தான் செய்யும். அழும்போது காற்றையும் விழுங்குகிறது. அந்தக் காற்றுதான் பிறகு பிரிகிறது. பல சமயம் வாயுவால் அழுகை வருவதில்லை. அழுகையால்தான் வாயு வருகிறது.

பயப்பட வேண்டாதவை

முதலாவது, மலம். பிறந்த இரண்டு மூன்று நாள் கறுப்பாக, பசை மாதிரி போகும். பிறகு மஞ்சளாக, தண்ணீராக, நடுவில் தயிர்த் திப்பி மாதிரி. பால் குடிக்கும்போதே போகும். நாளுக்கு எட்டு பத்து தடவை போகலாம். அது பேதியில்லை. ஆறு வாரத்துக்குப் பிறகு அதே குழந்தை நாலு நாள், ஒரு வாரம் போகாமலும் இருக்கலாம். போகும்போது இளக்கமாகப் போனால், வயிறு மெத்தென்று இருந்தால், அது மலச்சிக்கல் இல்லை. வெற்றிலைக் காம்பு, சோப்புத் துண்டு எதையும் ஆசனவாயில் வைக்காதீர்கள்.

இரண்டாவது, முக்கல். பத்து நிமிஷம் முக்கி, முனகி, அழுது, கடைசியில் இளக்கமாகப் போகும். முக்கும்போது கீழே தசையைத் தளர்த்த வேண்டும் என்பது அதற்கு இன்னும் தெரியவில்லை. சில வாரங்களில் தானே கற்றுக்கொள்ளும்.

மூன்றாவது, எதிர்க்களிப்பது. இரைப்பையின் மேல்வாய் இன்னும் கெட்டிப்படவில்லை. பால் கொஞ்சம் தயிராக வெளியே வரும். எடை ஏறிக்கொண்டு, குழந்தை சிரித்துக்கொண்டு இருந்தால் நம் புடவைக்குத்தான் கஷ்டம். ஒரு வயதுக்குள் பெரும்பாலும் நின்றுவிடும்.

"பால் போதலை" என்று சொல்லும் முன் இரண்டு விஷயம் பாருங்கள். ஒரு நாளில் ஆறு தடவைக்குக் குறையாமல் மூத்திரம் போகிறதா? பிறந்த எடை இரண்டு வாரத்துக்குள் திரும்பி வந்து, பிறகு வாரம் சுமார் 150 முதல் 200 கிராம் ஏறுகிறதா? இரண்டுக்கும் ஆமாம் என்றால் பால் போதுகிறது. அழுகையை மட்டும் பார்த்துப் பாட்டிலைக் கொண்டுவராதீர்கள். புட்டிப்பால் ஏறினால் குழந்தை மார்பில் உறிஞ்சுவது குறையும், உறிஞ்சுவது குறைந்தால் சுரப்பதும் குறையும். பால்பவுடரையும் பாட்டிலையும் விளம்பரம் செய்யக் கூடாது என்று நம் நாட்டில் 1992-ல் சட்டம் போட்டு, 2003-ல் அதை இன்னும் கடுமையாக்கியது சும்மா இல்லை.

பால் கொடுக்கும் முறை

குழந்தை காம்பை மட்டும் கவ்வினால் காற்றும் உள்ளே போகும், தாய்க்கும் புண்ணாகும். வாய் நன்றாகத் திறந்து, காம்பைச் சுற்றியிருக்கும் கறுப்பு வட்டத்தின் பெரும்பகுதியும் உள்ளே போக வேண்டும். கீழுதடு வெளிப்பக்கம் மடிந்திருக்க வேண்டும். தாடை மார்பைத் தொட வேண்டும். 'சப் சப்' என்று சத்தம் வந்தால் பிடிப்பு சரியில்லை. சுண்டுவிரலை வாயோரத்தில் விட்டு மெதுவாக எடுத்து மறுபடி வையுங்கள்.

ஒரு பக்கத்தை முழுக்கக் குடித்து, குழந்தை தானே விடும்வரை காத்திருங்கள். கடிகாரத்தைப் பார்த்து ஐந்து நிமிஷத்தில் பக்கம் மாற்றாதீர்கள். முதலில் வரும் பால் நீர்த்திருக்கும். போகப் போகக் கொழுப்பு கூடும். பாதி பாதியாக இரண்டு பக்கமும் குடித்தால் சர்க்கரை அதிகமாகவும் கொழுப்பு குறைவாகவும் உள்ளே போய், காற்றும் பச்சையாக நுரைத்த மலமும் வரலாம். பால் பீச்சி அடித்துக் குழந்தைக்குப் புரையேறினால், தாய் சற்றுச் சாய்ந்து படுத்தவாக்கில் கொடுக்கலாம்.

கொடுத்த பிறகு பத்து பதினைந்து நிமிஷம் தோளில் நிமிர்த்திப் பிடித்து முதுகை நீவுங்கள். ஏப்பம் வந்தால் சரி, வராவிட்டாலும் சரி. தூங்கும் குழந்தையை ஏப்பத்துக்காகத் தட்டி எழுப்ப வேண்டாம்.

கையால் செய்யும் வைத்தியம்

அழுகை ஆரம்பித்தால் முதலில் பசியா, ஈரத்துணியா, புழுக்கமா, குளிரா என்று பாருங்கள். கை கால் விரல்களையும் பாருங்கள். ஒரு தலைமயிர் சுற்றி இறுக்கி விரல் வீங்கியிருந்து, அதற்காக அழுத குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன்.

பிறகு விளக்கைக் குறையுங்கள், டி.வி.யை அணையுங்கள். தாயோ தகப்பனோ சட்டையில்லாத மார்போடு குழந்தையை அணைத்து மேலே ஒரு துணி போர்த்திக்கொள்ளட்டும். முன்னங்கையின் மேல் குழந்தையைக் குப்புறப் படுக்க வைத்து, தலை முழங்கை மடிப்பில் இருக்க, கூடத்தில் நடக்கலாம். தாத்தாக்களுக்கு இது நன்றாக வரும். கால்களைச் சைக்கிள் ஓட்டுவது போல் மெதுவாக மடக்கி நீட்டலாம். தொப்புளைச் சுற்றிக் கடிகார முள் போகும் திசையில் தடவலாம். வெதுவெதுப்பான வெந்நீரில் குளிப்பாட்டலாம். தாலாட்டுப் பாடலாம், ராகம் சுத்தமாக இருக்க வேண்டியதில்லை. தூங்க வைக்கும்போது மட்டும் மல்லாக்கத்தான் படுக்க வைக்க வேண்டும்.

உரம் எடுக்கிறேன் என்று புடவையில் போட்டு உருட்டுவது, காலைப் பிடித்துத் தலைகீழாகத் தொங்கவிடுவது, தொக்கம் எடுக்கிறேன் என்று வயிற்றைப் பிசைவது, எதுவும் வேண்டாம். கழுத்து நிற்காத குழந்தையின் மூளை மிக மென்மையானது. கோபத்தில் ஒரு குலுக்குக் குலுக்கினாலே உள்ளே ரத்தம் கசியும். உங்களால் தாங்க முடியாத நிமிஷம் வந்தால், குழந்தையைத் தொட்டிலில் மல்லாக்க விட்டு அடுத்த அறைக்குப் போய் ஐந்து நிமிஷம் உட்காருங்கள். அந்த ஐந்து நிமிஷ அழுகையால் குழந்தைக்கு ஒன்றும் ஆகாது.

வாயில் விடும் வைத்தியம்

இங்கே சில பேர் முகம் மாறும் என்று எனக்குத் தெரியும். பொறுத்துக்கொள்ளுங்கள்.

கிரைப் வாட்டர். 1851-ல் இங்கிலாந்தில் நாட்டிங்ஹாமில் வில்லியம் உட்வர்ட் என்ற மருந்துக் கடைக்காரர் தயாரித்தது. சதகுப்பை எண்ணெய், சோடா உப்பு, சர்க்கரை, கூடவே ஆல்கஹாலும் அந்தப் பழைய தயாரிப்பில் இருந்தது. மூன்று தலைமுறைப் பாட்டிகள் ஏன் அதை மெச்சினார்கள் என்று புரிகிறதா? பின்னாளில் ஆல்கஹாலை எடுத்துவிட்டார்கள். மிச்சமிருப்பது கோலிக்கைக் குணப்படுத்துகிறது என்பதற்குச் சான்று இல்லை.

வசம்பு. பிள்ளை வளர்ப்பான் என்றே அதற்குப் பெயர். மும்பையிலும் அதையே வேகண்ட் என்று பால்குட்டியில் உரைக்கிறார்கள். ஆனால் வசம்பில் பீட்டா அசரோன் என்ற பொருள் இருக்கிறது. மிருகங்களிடம் சோதித்தபோது அது புற்றுநோய் உண்டாக்கியதால், 1968-ல் அமெரிக்காவில் உணவில் வசம்பு சேர்க்கத் தடை போட்டார்கள். கையில் வளையாகக் கட்டுங்கள், ஆட்சேபணை இல்லை. உள்ளே வேண்டாம். உரைக்கும் கல்லில் ஒட்டியிருக்கும் கிருமியும் அதோடு உள்ளே போகிறது என்பதையும் மறக்க வேண்டாம். ஜாதிக்காய் கொஞ்சம் அதிகமாகப் போனாலும் குழந்தை மயங்கித் தூங்கும். அதைக் குணமென்று நினைக்காதீர்கள்.

பெருங்காயம். தொப்புளைச் சுற்றிப் பற்றுப் போடுவது வேறு, வாயில் கரைத்து ஊற்றுவது வேறு. 1984-ல் அமெரிக்காவில் ஐந்து வாரக் குழந்தை ஒன்றுக்குப் பெருங்காயம் கலந்த மருந்தைக் கொடுத்ததால், ரத்தம் பிராணவாயுவைச் சுமக்கும் சக்தி குறைந்து ஆஸ்பத்திரியில் சேர்க்க வேண்டி வந்தது. சிசுவின் ரத்தம் பெரியவர்களுடையது போல அதைத் தாங்காது.

விளக்கெண்ணெய். வாயிலோ மூக்கிலோ விடும் எண்ணெய் வழுக்கி நுரையீரலுக்குள் போனால் நிமோனியா வரும். தென்னிந்தியக் குழந்தைகளிடம் இதைப் பார்த்து 1973-லேயே மருத்துவப் பத்திரிகையில் எழுதியிருக்கிறார்கள்.

தேன். ஒரு வயதுக்குள் ஒரு சொட்டும் கூடாது. தேனில் இருக்கக்கூடிய ஒரு கிருமியின் விதை, சிசுவின் குடலில் முளைத்து விஷத்தை உண்டாக்கி உடம்பைத் துவள வைக்கும். 1976-ல்தான் மருத்துவ உலகம் இந்த வியாதியைக் கண்டுகொண்டது.

கடையில் கேட்டு வாங்கும் சொட்டு மருந்துகளும் அப்படித்தான். டைசைக்ளோமின் கலந்த வயிற்று வலி மருந்து ஆறு மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு மூச்சை நிறுத்தக்கூடியது. கொடுக்கவே கூடாது. சிமெத்திகோன் சொட்டு கெடுதல் செய்யாது, ஆனால் வெறும் தண்ணீரைவிடப் பெரிதாகப் பலன் தந்ததாகத் தெரியவில்லை. லாக்டோபேசிலஸ் ரியூடெரி என்ற நல்ல கிருமிச் சொட்டு தாய்ப்பால் குழந்தைகளின் அழுகையை ஓரளவு குறைத்ததாக 2018-ல் பல சோதனைகளைத் தொகுத்துச் சொன்னார்கள். அதையும் டாக்டரைக் கேட்டே கொடுங்கள்.

ஆறு மாதம் முடியும்வரை தாய்ப்பால் மட்டும் என்பது 2001 முதல் உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. டாக்டர் எழுதித் தரும் வைட்டமின் டி போன்ற சொட்டுகள் மட்டுமே அதற்கு விலக்கு.

இப்போது தாயின் தட்டு

1978-ல் எனக்கு முதல் பெண் பிறந்தாள். மாதுங்காவில் இரண்டே அறை உள்ள வீடு. குழந்தை சாயங்காலமானால் அழுவாள். என் மாமியார் நல்லவர். குழந்தை மேல் உயிரையே வைத்திருந்தார். "பருப்பு வாயு, உருளைக்கிழங்கு வாயு, தயிர் சளி, பால் மந்தம்" என்று ஒவ்வொன்றாக நிறுத்தினார். கடைசியில் என் தட்டில் இருந்தது பருப்பில்லாத ரசம் விட்டுப் பிசைந்த சாதம், சுட்ட அப்பளம், நாலு சுண்டைக்காய் வற்றல். நான் எம்.பி.பி.எஸ். படித்தவள். வாயைத் திறக்கவில்லை. குழந்தை அழுவது என்னால்தானோ என்று எனக்கே சந்தேகம். ராத்திரி பசியோடு படுத்து, குழந்தைக்குப் பால் கொடுத்துக்கொண்டே நானும் அழுதிருக்கிறேன். குழந்தையின் அழுகையும் நிற்கவில்லை.

தாயின் குடலில் உண்டாகும் வாயு பாலுக்குப் போகாது. போக வழியே இல்லை. பால் சுரப்பது ரத்தத்திலிருந்து. உருளைக்கிழங்கின் மணமும் பூண்டின் வாசனையும் பாலில் கொஞ்சம் வரலாம். வாயு வராது.

அதே சமயம் பால் கொடுப்பவளுக்கு முதல் ஆறு மாதம் தினமும் சுமார் 600 கலோரி கூடுதலாகத் தேவை. அந்த நேரத்தில் அவள் தட்டிலிருந்து எடுக்கிறோம்.

இது வெறும் பசியோடு நின்றால்கூடப் பரவாயில்லை. நம்மைப் போன்ற சைவச் சாப்பாட்டுக் குடும்பங்களில் இன்னொரு ஆபத்து உண்டு. பி-12 என்ற வைட்டமின் காய்கறியிலோ பருப்பிலோ கிடையாது. நமக்கு அது வருவது பால், தயிர், மோரிலிருந்துதான். தாய்க்குக் குறைந்தால் பாலிலும் குறையும். 1962-லேயே வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரி மருத்துவர்கள், தாய்ப்பாலை மட்டும் குடித்து வளர்ந்த இந்தியச் சிசுக்களுக்குப் பி-12 குறைவால் வரும் வியாதியைப் பற்றி லான்செட் பத்திரிகையில் எழுதினார்கள்.

நானும் ஒரு குழந்தையைப் பார்த்தேன். வருஷமும் ஊரும் வேண்டாம், நம்மைப் போன்ற குடும்பம்தான். ஆறு மாதம் முடிந்த குழந்தை. கொழுகொழுவென்று இருந்தது. ஆனால் வெளுத்திருந்தது. கை முட்டிகள் கறுத்திருந்தன. கழுத்து நிற்கவில்லை. முன்னால் சிரித்துக்கொண்டிருந்த குழந்தை சிரிப்பதை நிறுத்திவிட்டது என்றாள் தாய். "நீ என்னம்மா சாப்பிடறே?" என்று கேட்டேன். என் 1978-ம் வருஷத்துத் தட்டை அப்படியே சொன்னாள். கர்ப்பத்திலேயே குறைவாக இருந்த சத்து, வாயுவுக்குப் பயந்து பாலும் தயிரும் நிறுத்திய ஆறு மாதத்தில் அடியோடு தீர்ந்துபோயிருந்தது.

பி-12 ஊசி போட்டோம். சில நாட்களில் குழந்தை ஆளைப் பார்க்க ஆரம்பித்தது. பிறகு சிரித்தது. ஆனால் நடையும் பேச்சும் தாமதமாகத்தான் வந்தன. இந்த வியாதியில் மூளையின் வளர்ச்சி நின்ற மாதங்கள் எல்லாக் குழந்தைக்கும் முழுசாகத் திரும்பக் கிடைப்பதில்லை. அந்தக் குழந்தையின் பாட்டி என் கையைப் பிடித்துக்கொண்டு, "குழந்தைக்கு நல்லதுன்னுதானே செஞ்சேன்" என்றார். உண்மைதான். அதனால்தான் இதைச் சபையில் சொல்கிறேன்.

ஆகவே பத்தியம் என்றால் குறைப்பது என்று அர்த்தமில்லை. பருப்பு, கீரை, பால், தயிர், எள்ளு, வேர்க்கடலை எல்லாம் வேண்டும். பூண்டே நுழையாத ஆத்தில்கூடப் பிரசவித்தவளுக்கென்று தனி வாணலியில் பூண்டு வதக்கிக் கொடுத்த வழக்கம் உண்டு. லேகியமும் கொடுக்கலாம். மஹாராஷ்டிரத்தில் ஆளிவ் லட்டு கொடுப்பார்கள், அதுவும் நல்லது. கர்ப்பத்திலேயே டாக்டரிடம் பி-12 பற்றிக் கேளுங்கள்.

பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளே இல்லையா? உண்டு, மிகக் குறைவு. தாய் சாப்பிடும் பசும்பாலின் புரதம் தாய்ப்பாலில் வந்து சில குழந்தைகளுக்கு ஒவ்வாமை உண்டாக்கும். அப்போது மலத்தில் ரத்தமும் சளியும் வரும், தோலில் கரப்பான் வரும், எடை ஏறாது. அந்த அடையாளங்கள் இருந்தால் டாக்டர் இரண்டு முதல் நான்கு வாரம் தாயின் பால் தயிரை நிறுத்திப் பார்ப்பார். குணம் தெரிந்தால் மறுபடி கொடுத்து ஊர்ஜிதம் செய்வார். நிறுத்தும் காலத்தில் தாய்க்குக் கால்சியமும் பி-12-ம் மாத்திரையாகக் கொடுப்பார். இது டாக்டர் சொல்லிச் செய்வது. நாமாக ஆறு மாதம் நிறுத்துவது இல்லை.

காத்திருக்கக் கூடாத சமயங்கள்

இவற்றில் எது இருந்தாலும் கை வைத்தியம் வேண்டாம், உடனே டாக்டரிடம் போங்கள்.

- மூன்று மாதத்துக்குட்பட்ட குழந்தைக்கு 100.4 டிகிரி அல்லது அதற்கு மேல் ஜுரம்.
- பச்சை நிறத்தில் வாந்தி. அல்லது ஒவ்வொரு தடவை குடித்ததும் பீச்சியடிக்கும் வாந்தி.
- மலத்தில் ரத்தம்.
- வயிறு வீங்கிக் கல்லாக இருப்பது. தொடை இடுக்கில் வீக்கம்.
- பால் குடிக்க மறுப்பது, துவண்டு கிடப்பது, எட்டு மணி நேரமாக மூத்திரம் போகாதது.
- எடை ஏறாதது.
- எப்போதும் போல் இல்லாத, கீச்சென்ற அல்லது தீனமான அழுகை.

தாயின் அடையாளங்களும் உண்டு. அவள் தூங்க நேரம் கிடைத்தும் தூங்கவில்லை, காரணமில்லாமல் அழுகிறாள், குழந்தையைத் தொடவே பயப்படுகிறாள் என்றால் அது சோம்பலும் இல்லை, திமிரும் இல்லை. பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வு. அதற்கும் வைத்தியம் உண்டு.

கடைசியாக ஒன்று

பேரன் பிறந்தபோது நான் மாமியார். ஒரு ராத்திரி இரண்டு மணி. குழந்தை ஒரு மணி நேரமாக அழுகிறான். என்னால் தாங்க முடியவில்லை. யாரோ கொண்டுவந்து கொடுத்திருந்த கிரைப் வாட்டர் பாட்டிலை அலமாரியிலிருந்து எடுத்து மூடியைத் திறந்துவிட்டேன். ஆமாம், நான்தான், முப்பது வருஷம் வேண்டாம் வேண்டாம் என்று சொன்ன டாக்டர். என் மாட்டுப்பெண் குழந்தையைத் தோளில் போட்டபடி மெதுவாகக் கேட்டாள்: "அம்மா, உங்க ஆஸ்பத்திரியில இதைக் கொடுப்பேளா?"

மூடியைத் திருப்பிப் போட்டேன். குழந்தையை வாங்கிக்கொண்டேன். "நீ போய்க் கொஞ்சம் மோர் சாதம் சாப்பிட்டுப் படு" என்றேன். விடியும்வரை நானும் என் ஆத்துக்காரரும் மாற்றி மாற்றிக் கூடத்தில் நடந்தோம். எந்த மருந்தும் கொடுக்கவில்லை. பதினோராவது வாரத்தில் ஒரு சாயங்காலம் மணி எட்டாகியும் சத்தமே இல்லையே என்று எல்லாரும் தொட்டிலை எட்டிப் பார்த்தோம். விரலைச் சப்பிக்கொண்டு முழித்துக்கொண்டிருந்தான்.

அழுகிற குழந்தைக்கு முதல் மருந்து இன்னொரு ஜோடிக் கை. பாட்டிகளே, தாத்தாக்களே, அந்தக் கை நம்முடையதாக இருக்கட்டும். "என்ன சாப்பிட்டே?" என்று கேட்பதில் தவறில்லை. "சாப்பிட்டியா?" என்று கேட்கும் குரலில் கேளுங்கள்.



கூட்டத்தில் கேட்ட கேள்விகள்

கேள்வி: மே மாத வெயிலில் கொஞ்சம் காய்ச்சி ஆறிய தீர்த்தமாவது கொடுக்கலாமா?

பதில்: வேண்டாம். தாய்ப்பாலில் 100-க்குச் சுமார் 88 பங்கு தண்ணீர்தான். வெயிலில் அடிக்கடி பால் கொடுங்கள். தண்ணீரைத் தாய் குடிக்கட்டும்.

கேள்வி: ஜாதகர்மத்தில் தேனும் நெய்யும் உண்டே. என்ன செய்வது?

பதில்: ஒரு வயதுக்குள் தேன் குழந்தையின் வாய்க்குள் போகக் கூடாது என்பதில் மருத்துவத்தில் இரண்டு கருத்து இல்லை. அதை உங்கள் வாத்தியாரிடம் முன்கூட்டியே சொல்லி, நாக்கில் வைக்காமல் எப்படிச் செய்யலாம் என்று கேளுங்கள். குழந்தையின் க்ஷேமத்துக்காகத்தானே அந்தக் கர்மாவே.

கேள்வி: என் மாட்டுப்பெண் பீட்ஸா, பச்சை மிளகாய் எல்லாம் சாப்பிடுகிறாள். அதையுமா விடச் சொல்கிறீர்கள்?

பதில்: பச்சை மிளகாய் அவள் வயிற்றுக்கு ஒத்துக்கொண்டால் குழந்தைக்கும் ஒன்றும் ஆகாது. பீட்ஸா எப்போதாவது ஒருநாள் சாப்பிடட்டும். மறுநாள் நீங்கள் கீரை மசித்துப் பருப்பு சாதம் பிசைந்து கொடுங்கள். (சிரிப்பு)